அறுநூறு ரூபாய்க் கணக்கு

அடிமை என்ற சொல்லைக் கேட்டதும் நம் மாணாக்கரின் மனக்கண்ணில் தோன்றுவன சங்கிலியும் சவுக்கும், ஆபிரிக்க மக்களை ஏற்றிச் சென்ற கப்பலும், ஆபிரகாம் லிங்கனின் உருவமுமேயாம். சரித்திர வகுப்பில் அவர்கள் ஆண்டுகளை ஒழுங்காகப் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது 1833இல். அமெரிக்க அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் வந்தது 1865இல். பரீட்சைக்கு இவை போதும். சட்டம் வந்தது, அடிமைத்தனம் ஒழிந்தது என்று எண்ணிக்கொண்டு பிள்ளை புத்தகத்தை மூடிவிடுகிறது.

ஆனால் அது ஒழியவில்லை என்பதே வருந்தத்தக்க உண்மை. சர்வதேசத் தொழில் தாபனம் வேறு இரு அமைப்புகளுடன் சேர்ந்து 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021இல் உலகில் ஏறக்குறைய 5 கோடி மக்கள் நவீன அடிமைத்தனத்தில் இருந்தனர். அவர்களுள் 2 கோடியே 76 இலட்சம் பேர் கட்டாய வேலையிலும், 2 கோடியே 20 இலட்சம் பேர் கட்டாய மணத்திலும் சிக்கியிருந்தனர். கட்டாய வேலையிற் கிடந்தோருள் 33 இலட்சம் பேர் சிறுவர்.

இதனைப் பாடசாலையிலே எவ்வாறு கற்பிப்பது? அஞ்சத்தக்க கதைகளைச் சொல்லிப் பிள்ளைகளை நடுங்க வைப்பதா? இரக்கத்தை மூட்டிக் கண்ணீர் சிந்த வைப்பதா? நடுக்கமும் கண்ணீரும் மறுநாட் காலையிற் கரைந்துவிடும். அடிமைத்தனம் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கணக்கோடு எடுத்துக் காட்டுவதே நிலைத்து நிற்கும் கல்வியாகும் என்பது நம் துணிபு. அதற்கு ஒரு சிறுவனுடைய வரலாறு போதும்.

தறியிற் கட்டுண்ட சிறுவன்

பாக்கிஸ்தானிலே, லாகூருக்கு அண்மையில் உள்ள முரிட்கே என்னும் ஊரில் 1983இல் பிறந்தவன் இக்பால் மசீ. அவனுடைய குடும்பத்தார் மூத்த மகனின் திருமணச் செலவுக்காக ஒரு கம்பள முதலாளியிடம் 600 ரூபாய் கடன் வாங்கினர். கடன் தீரும்வரை அவருடைய தறியில் இக்பால் வேலை செய்ய வேண்டும் என்பது உடன்பாடு. அப்போது அவனுக்கு வயது நான்கு. விடியுமுன் தொடங்கி ஒரு நாளிற் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் ஆறு நாட்கள் அவன் தறியின் முன் குந்தியிருந்து முடிச்சுப் போட்டான். தப்பியோடாதிருக்கும் பொருட்டுச் சிறுவர்களைத் தறியோடு சங்கிலியாற் பிணைப்பதும் உண்டு.

இங்கேதான் ஆசிரியர் கரும்பலகையை நாட வேண்டும். இக்பாலுக்குக் கிடைத்த கூலி நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு ரூபாய் என்பது பதிவு. கடன் 600 ரூபாய். எத்தனை நாளிற் கடன் தீரும் என்று கேட்டால், மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் அறுநூறு நாள் என்று விடை சொல்லும். வாரத்தில் ஆறு நாட்கள் வேலையென்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் கணக்கு முடிந்திருக்க வேண்டும். ஆனால் இக்பால் ஆறாண்டு அளவு உழைத்தான். முடிவில் அவன் பேரில் நின்ற கடன் 13,000 ரூபாய்!

இது எப்படி நேர்ந்தது? தொழில் பழகும் காலத்துக்குக் கூலியில்லை. உண்ட உணவுக்குக் கழிவு, பிழையான முடிச்சுக்குத் தண்டம், வட்டி, இவற்றின் மேல் வீட்டார் வாங்கிய புதுக்கடன். யாவற்றையும் எழுதியவர் முதலாளி. கணக்குப் புத்தகம் அவருடைய கையில். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் அதனைப் பார்த்ததுமில்லை, பார்த்திருந்தாலும் பயனில்லை. சங்கிலியைக் காட்டிலும் வலியது இக்கணக்கு. சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினாலும், கடன் எஞ்சி நிற்கிறது என்று சொல்லிப் பிடித்துவர முடியுமல்லவா?

சிறுவரின் மெல்லிய விரல்களே நுண்ணிய முடிச்சுப் போடவல்லன என்பது கம்பள வணிகர் நெடுங்காலமாகச் சொல்லிவந்த நியாயம். 1990களில் சர்வதேசத் தொழில் தாபனத்தின் சார்பில் இந்தியக் கம்பளத் தொழிலை ஆராய்ந்தவர்கள் இது பொய்யெனக் கண்டனர். மிக நுண்ணிய கம்பளங்களை நெய்வதிற் சிறுவர் பெரியவரிலும் வல்லவரல்லர். விரலுக்காக அன்று, வாயில்லாமைக்காகவே சிறுவர் தேடப்படுகின்றனர். அவர்கள் கூலி உயர்வு கேட்க மாட்டார்கள். சங்கம் அமைக்க மாட்டார்கள். சட்டம் அறிய மாட்டார்கள்.

பாக்கிஸ்தான் 1992இற் கொத்தடிமை முறையைச் சட்டத்தால் ஒழித்து, அத்தகைய கடன்களையும் செல்லாதனவாக்கியது. அச்செய்தி தறிக்கூடத்துக்கு எட்டவில்லை. கொத்தடிமை விடுதலை முன்னணி என்னும் இயக்கம் நடத்திய கூட்டம் ஒன்றிற்கு இக்பால் சென்றபோதுதான், தன் கடன் சட்டப்படி எப்போதோ அழிந்துவிட்டது என்பதை அறிந்தான். அவ்வறிவோடு வெளியேறினான், முன்னணியின் பாடசாலையிற் சேர்ந்தான், பிற சிறுவருக்கும் அச்செய்தியைச் சொல்லித் திரிந்தான். அவனை விடுவித்தது வாளுமன்று, வள்ளலின் கொடையுமன்று. தனக்குரிய சட்டத்தைப் பற்றிய ஒரு செய்தி. மாணாக்கருக்கு இப்பாடத்தை ஏன் கற்பிக்க வேண்டும் என்பார்க்கு இதனினும் சிறந்த மறுமொழி வேறில்லை.

குவின்சியில் ஒரு வகுப்பு

1994 டிசெம்பரில் ஒரு விருதைப் பெறுவதற்காக இக்பால் ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் நகருக்குச் சென்றான். அப்போது அருகிலுள்ள குவின்சி என்னும் ஊரின் புறோட் மெடோஸ் நடுநிலைப் பாடசாலைக்கும் அழைத்துச் செல்லப்பட்டான். அங்கே அவன் சந்தித்தவர்கள் தன் வயதை ஒத்த மாணவர்கள். வயது பன்னிரண்டளவாயினும் அவனுடைய உயரம் நான்கு அடிக்கும் குறைவு. தறியின் முன் குந்திக் கிடந்த ஆண்டுகள் அவனை வளரவிடவில்லை. அதனைப் பார்த்ததே அப்பிள்ளைகளுக்கு முதற் பாடமாயிற்று.

அவர்கள் அழுதுவிட்டுக் கலைந்து போகவில்லை. தங்கள் ஊர்க் கடைகளில் விற்கப்படும் கம்பளங்களை நெய்தவர் யார் என்று வினவிக் கடிதங்கள் எழுதினர். நாலு மாதம் கழித்து, 1995 ஏப்ரில் 16இல், உயிர்த்த ஞாயிறன்று, இக்பால் தன் ஊருக்கு அண்மையிற் சுட்டுக் கொல்லப்பட்டான். அவன் நினைவாக ஒரு பாடசாலை எழுப்புவதென அம்மாணவர் முடிவு செய்தனர். அவன் வயது பன்னிரண்டு; அவன் விலைப்பட்ட தொகையும் பன்னிரண்டு டொலர் அளவினது; ஆதலால் ஆளுக்குப் பன்னிரண்டு டொலர் தாரீர் என்று பிற பாடசாலை மாணவரைக் கேட்டனர். ஓர் இலட்சம் டொலருக்கு மேற் சேர்ந்தது. பாக்கிஸ்தானின் கசூர்ப் பகுதியிற் பாடசாலை எழுந்தது.

இக்பாலைக் கொன்றவர் யார் என்பதிற் கருத்து வேற்றுமை உண்டு. கம்பள வணிகரின் சூழ்ச்சி என்றது முன்னணி. அதற்குச் சான்றில்லை என்றனர் அதிகாரிகள். ஐயம் தீரவில்லை. வகுப்பிலே இதனை உள்ளபடியே சொல்வதுதான் நேர்மை. கதைக்குச் சுவையூட்டும் நோக்கத்தோடு நிறுவப்படாததை நிறுவப்பட்டதாகக் கூறினால், பிள்ளைகள் பிற்காலத்தில் உண்மையையும் ஐயுறுவர்.

நம் வீட்டுக் கணக்கு

இவையெல்லாம் பிறநாட்டுச் செய்திகள், நமக்கென்ன என்று நினைத்தற்கு இடமில்லை. 1833ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கையைத் தன் வரம்புக்குப் புறம்பாக விலக்கிவைத்தது என்பதை நம் மாணாக்கருள் எத்தனை பேர் அறிவர்? இங்கே அடிமைமுறை முற்றாக ஒழிக்கப்பட்டது 1844ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தினாலேயே. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய விதிகளும் உள. அடிமைகளாயிருந்தோரும் தமிழர், ஆண்டோரும் தமிழர். இதனை மறைத்துவிட்டு அமெரிக்கரின் கொடுமையை மட்டும் போதிப்பது சரித்திரமாகாது.

மலைநாட்டின் சரித்திரத்திலும் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. தமிழகத்திலிருந்து தோட்டத்துக்கு வந்த தொழிலாளி, வழிச்செலவும் முற்பணமுமாகக் கங்காணியின் ஏட்டிற் கடனாளியாகவே வந்து இறங்கினான். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக விரும்பினால், அவன் கடன் இவ்வளவு என்று குறித்த ‘துண்டு’ ஒன்று வேண்டும். புதிய தோட்டம் அக்கடனைச் செலுத்தி அவனை ஏற்கும். கடன் தீரவில்லை, கை மாறிற்று. இத்துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. சட்டம் அதனை அடிமைத்தனம் என்று அழைத்ததில்லை. ஆயினும் தறிக்கூடத்துக் கணக்கையும் தோட்டத்துக் கணக்கையும் அருகருகே எழுதிக் காட்டினால், இரண்டுக்கும் உள்ள உறவை மலையகத்துப் பிள்ளை தானே கண்டுகொள்ளும். பாட்டனின் வாழ்க்கை பாடமாகும்போது அதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

இனி இன்றைய நிலை. சிறுவரை விலைப்படுத்துவோர் பெரும்பாலும் இரவிலே வந்து தூக்கிச் செல்லும் அந்நியரல்லர். நன்றாகத் தெரிந்த ஒருவர் பகலிலே வீட்டு வாசலுக்கு வருவார். “பிள்ளையைப் பட்டணத்துக்கு அனுப்புங்கள், நல்ல வீடு, சிறு வேலை, படிக்கவும் வைப்பார்கள்” என்பார். கையிற் சிறிது பணமும் வைப்பார். பெற்றோர் பிள்ளையை விற்பதாக எண்ணுவதில்லை, கரையேற்றுவதாகவே எண்ணுகின்றனர். பிள்ளையும் மகிழ்ச்சியோடு புறப்படும்.

பிள்ளை விரும்பித்தானே போயிற்று என்று கேட்பவர் உளர். இவ்வினாவுக்கு விடை ஒவ்வொரு மாணாக்கருக்கும் மனப்பாடமாயிருத்தல் வேண்டும். 2000ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின்படி, வளர்ந்தோர் விடயத்தில் ஆள் வியாபாரம் நடந்ததென நிறுவுவதற்கு வஞ்சனையோ வன்முறையோ காட்டப்பட வேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் விடயத்தில் அது வேண்டியதில்லை. சுரண்டும் நோக்கத்தோடு கொண்டுபோனாலே குற்றம். பிள்ளையின் சம்மதம் சம்மதமாகாது. 2006இல் திருத்தப்பட்ட நம் தண்டனைச் சட்டக்கோவையின் நிலைப்பாடும் இதுவே. வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயதும் 2021இல் இந்நாட்டிற் பதினாறாக உயர்த்தப்பட்டது.

1999இற் சர்வதேசத் தொழில் தாபனம் நிறைவேற்றிய 182ஆம் இலக்கச் சமவாயம், சிறுவரைக் கொத்தடிமையாக்குவதையும் விற்பதையும் மட்டுமன்றி, போருக்குப் பலவந்தமாகச் சேர்ப்பதையும் அடிமைத்தனத்தோடு ஒன்றாக வைத்தே எண்ணுகிறது. அதன் பொருளை நம் நாட்டு வாசகருக்கு விரித்துரைக்க வேண்டுமா?

ஆசிரியரின் பொறுப்பு

வகுப்பிலே மாணாக்கர் மூன்று வினாக்களைக் கற்றுக்கொண்டால் போதும். கணக்குப் புத்தகம் யாருடைய கையில் இருக்கிறது? வேலை செய்பவர் நினைத்தபோது விட்டுப்போக முடியுமா? வீட்டாரோடு தனியே பேச அவருக்கு இடமுண்டா? இம்மூன்றையும் கம்பளத் தறிக்கும் கேட்கலாம். செங்கற் சூளைக்கும் கேட்கலாம். பக்கத்து வீட்டு அடுக்களையில் நிற்கும் சிறுமியைப் பற்றியும் கேட்கலாம்.

ஆசிரியர் நெஞ்சிற் கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்றுண்டு. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை இப்பாடத்தைக் கதையாகக் கேளாது, தன் வாழ்வாகவே கேட்டுக்கொண்டிருத்தல் கூடும். அதன் அக்காள் பட்டணத்தில் இருக்கலாம். அதனையே அனுப்புவதற்குப் பேச்சு நடந்துகொண்டிருக்கலாம். அப்பிள்ளையை எழுப்பி நிறுத்தி உதாரணம் காட்டுதல் கூடாது. கோரமான படங்களைச் சுவரில் ஒட்டுதலும் கூடாது. பாடம் முடிந்தபின் தனியே வந்து பேசலாம் என்ற நம்பிக்கையை உண்டாக்குதல் வேண்டும். வந்து பேசினால் அடுத்து என்ன செய்வது என்பதையும் ஆசிரியர் முன்பே அறிந்திருத்தல் வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கம் கரும்பலகையின் ஓரத்தில் எப்போதும் இருக்கட்டும்.

பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1844 என்ற ஆண்டைக் கற்பிக்கும் நாளில் புத்தகத்தை மூடாமல் இன்னும் ஒரு பாடவேளை எடுத்துக்கொண்டு, அறுநூறு ரூபாய்க் கடனைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளையே கணக்குப் பார்க்கச் சொன்னால் போதுமானது. விடை ஏன் பொருந்தவில்லை என்று அவர்கள் கேட்பார்கள். அக்கேள்வியைக் கேட்கப் பழகிய பிள்ளையை யாரும் எளிதில் ஏமாற்றிக் கொண்டுபோக முடியாது. பிறர் பிள்ளை அவ்வாறு கொண்டுபோகப்படும்போது அது வாளாவிருக்கவும் மாட்டாது.