டிவியை இரண்டு முறை வேண்டாம் என்ற ஊர்: இக்லூலிக்கில் நடந்தது என்ன?

ஊருக்கு டிவி வருகிறது என்றால் யாராவது வேண்டாம் என்பார்களா? கனடாவின் ஓர் ஊர் சொன்னது. அதுவும் வாக்கெடுப்பு நடத்தி, இரண்டு முறை!

எங்கே இருக்கிறது?

ஆர்க்டிக் வட்டத்துக்குள், நுனாவுட் பகுதியில் உள்ள சின்னத் தீவு ஊர் இக்லூலிக். வெளியூரோடு இணைக்கும் சாலை கிடையாது. விமானம்தான் வழி, கோடையில் சரக்குக் கப்பல் வரும். மக்கள்தொகை இன்றைக்கும் சுமார் 2,000தான். பெரும்பாலானோர் இனுயிட் மக்கள், மொழி இனுக்டிடூட்.

ஏன் மறுத்தார்கள்?

1972-ல் கனடா அனிக் ஏ1 செயற்கைக்கோளை ஏவியது. அதன்பின் வடகோடி ஊர்களுக்கும் டிவி எட்டியது. ஆனால், வந்ததெல்லாம் தெற்கே தயாரான நிகழ்ச்சிகள். இனுக்டிடூட்டில் ஏறக்குறைய எதுவுமே இல்லை. பள்ளியில் ஏற்கெனவே ஆங்கிலம். வீட்டுக்குள்ளும் அதுவே நாள் முழுக்கப் பேசினால், பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் எந்த மொழியில் கதை கேட்பார்கள்? 1975, 1979 என இரண்டு வாக்கெடுப்புகளிலும் ‘வேண்டாம்’ என்பதே ஊரின் பதில்.

அப்புறம் எப்படி வந்தது?

1981-ல் இனுயிட் ஒளிபரப்புக் கழகம் உருவானது. இனுயிட் மக்களே கேமரா பிடித்து, தங்கள் மொழியில் நிகழ்ச்சி தயாரித்தார்கள். இக்லூலிக்கிலும் அதற்கு ஒரு தயாரிப்பு மையம் அமைந்தது. நம்ம மொழியும் வரும் என்றானபின், 1980-களின் தொடக்கத்தில் ஊர் டிவியை ஏற்றுக்கொண்டது. பொம்மைகளை வைத்துக் குழந்தைகளுக்கு மொழியும் எழுத்தும் சொல்லித்தரும் ‘தகுகினாய்’ இந்தக் கழகத்தின் நிகழ்ச்சிதான்.

கேன்ஸ் வரை போன கேமரா

அந்த மையத்தில் வேலை பார்த்தவர்களில் ஒருவர் ஜக்கரியாஸ் குனுக். ஊருக்கு டிவி வருவதற்கு முன்பே, 1981-ல், தான் செதுக்கிய கல் சிற்பங்களை விற்று வீடியோ கேமரா வாங்கியவர். 1990-ல் அவரும் நண்பர்களும் ‘இசுமா’ நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்த பழங்கதையை வைத்து, ஊர்க்காரர்களையே நடிக்க வைத்து எடுத்த ‘அதனார்ஜுவாட்’ படம், 2001 கேன்ஸ் விழாவில் சிறந்த அறிமுகப் படத்துக்கான ‘கேமரா டி’ஓர்’ விருதை வென்றது.

இப்போது?

2021 ஜனவரியில், முழுக்க இனுயிட் மொழிக்கென ‘உவகுட் டிவி’ தொடங்கியது. ‘உவகுட்’ என்றால் ‘நாம்’. ஆனாலும் நுனாவுட்டில் இனுயிட் மொழியைத் தாய்மொழியாகக் குறிப்பிடுவோரின் விகிதம் குறைந்துகொண்டே வருகிறது. இன்று ஆங்கிலம் செல்போன் வழியாக ஒவ்வொரு கைக்கும் வருகிறது. அதை ஊர் கூடி வாக்களித்து நிறுத்த முடியாது. பிள்ளைகள் பார்க்கிற மாதிரி தங்கள் மொழியில் எடுத்துக்கொண்டே இருப்பதுதான் அவர்களுக்கு இருக்கும் ஒரே வழி.