கறை இங்கே... ஓட்டை எங்கே? பழைய வீட்டில் ஒளிந்திருக்கும் தண்ணீர்க் கசிவைப் பிடிப்பது எப்படி?

காலையில்தான் மோட்டார் போட்டு டேங்க் நிரம்பியது. வீட்டில் இருப்பது மூன்றே பேர். துணி துவைக்கவில்லை, விருந்தாளி யாரும் வரவில்லை. ஆனாலும் சாயங்காலம் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. "யாரு குழாயை மூடாம விட்டது?" என்று வீட்டுக்குள் ஒரு சின்னச் சண்டை. இரண்டு மாதம் கழித்து ஹால் சுவரில் பெயின்ட் உப்புகிறது. கொத்தனார் வருகிறார், கறை இருக்கும் இடத்தில் உடைக்கிறார். உள்ளே பைப்பே இல்லை!

30, 40 வயதான வீடுகளில் அடிக்கடி நடக்கிற கதை இது. கசிகிற இடமும் கறை தெரிகிற இடமும் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை. மாடி பாத்ரூமில் கசியும் தண்ணீர், தளத்தின் இடுக்குகளில் ஓடி, சில அடிகள் தள்ளி வேறு அறையில் சொட்டும். அதனால் உளியை எடுப்பதற்கு முன், எது கசியவில்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். அதற்கு ஓர் இன்ச் டேப்பும் இரண்டு இரவுகளும் போதும்.

இரண்டு ராத்திரி டெஸ்ட்

முதல் நாள் இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, டேங்க்கின் வாயிலிருந்து தண்ணீர் மட்டம் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். (மாடி ஏறுவது வயதானவர்கள் வேலை அல்ல!) விடியற்காலையில், யாரும் குழாயைத் தொடுவதற்கு முன் மறுபடி அளக்க வேண்டும். மட்டம் இறங்கியிருந்தால் கசிவு உறுதி. மூன்றரை அடி விட்டமுள்ள வட்ட டேங்க்கில் 1 செ.மீ. இறங்கினால் சுமார் 9 லிட்டர் போயிருக்கிறது. 5 செ.மீ. என்றால், ஒரே ராத்திரியில் மூன்று குடம்.

மறுநாள் இரவு, டேங்க்கிலிருந்து கீழே இறங்கும் லைனின் கேட் வால்வை மூடிவிட்டு அதே சோதனை. அப்போதும் இறங்கினால் கோளாறு டேங்க்கில். இறங்கவில்லை என்றால் கீழே போகும் பைப்பில். பழைய வால்வுகள் மூடியதுபோல நடிக்கும். ஆகவே வால்வை மூடியபின் அந்த லைனில் ஒரு குழாயைத் திறந்து, தண்ணீர் முழுதாக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் தனித்தனி லைன் இருந்தால் அதிர்ஷ்டம்தான். ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தால் திருடன் எந்த லைனில் இருக்கிறான் என்பது தெரிந்துவிடும்.

இதே அளவெடுப்பை, தண்ணீர் வரும் வழியை அடைத்துவிட்டு, சம்ப்புக்கும் செய்யலாம்.

பைப்பைச் சந்தேகிக்கும் முன் ஃப்ளஷ் டேங்க்கைப் பாருங்கள். அதில் கொஞ்சம் சொட்டு நீலம் ஊற்றி, அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் விட்டால், கோப்பையில் நீலம் இறங்குகிறதா என்பது தெரியும். இறங்கினால் உள்ளே இருக்கும் வாஷர் போய்விட்டது. சுவரை உடைக்கத் தேவையே இல்லை.

எப்போது ஈரமாகிறது?

ஈரம் எந்நேரமும் இருக்கிறதா, குளித்தபின் கூடுகிறதா, மழைக்குப் பின் மட்டுமா? எந்நேரமும் இருந்தால் தண்ணீர் வரும் பைப். குளித்தபின் என்றால் கழிவுநீர் போகும் பக்கம், அதாவது நஹானி ட்ராப் அல்லது டைல்ஸ் இடுக்கு. மழைக்குப் பின் என்றால் மொட்டை மாடி. தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரம் வரை மட்டும் உப்புப் பூத்து உதிர்ந்தால், மண்ணின் ஈரத்தைச் சுவர் உறிஞ்சுவதாக இருக்கலாம். அதற்கு பிளம்பரால் பலனில்லை.

மேலே பட்டி பார்த்து பெயின்ட் அடித்து மறைப்பதுதான் பெரிய தப்பு. ஈரம் பட்ட கம்பி துருப்பிடித்து உப்பும்; காங்கிரீட் வெடித்து, சீலிங் பெயர்ந்து தலையில் விழும் ஆபத்து இருக்கிறது. சுவிட்ச் போர்டு பக்கம் சுவர் ஈரமாக இருந்தால், மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதுதான் முதல் வேலை.

கருவிகள் என்ன சொல்லும்?

தெர்மல் கேமரா தண்ணீரைப் பார்ப்பதில்லை. குளிர்ந்திருக்கும் இடத்தைத்தான் காட்டும். அதுவும் ஒருவகையில் கறைதான். அதைவிட, குழாய் வாய்களை அடைத்து, கைப் பம்ப்பால் அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் இறங்குகிறதா என்று பார்க்கும் பிரஷர் டெஸ்ட் நம்பகமானது. ஆனால் பழைய ஜி.ஐ. பைப் உள்ளுக்குள் துருப்பிடித்து மெலிந்திருக்கும். அளவுக்கு மீறி அழுத்தினால் புது ஓட்டை விழும். இதை பிளம்பரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அந்த ஜி.ஐ. பைப்பில் ஒரு எல்போ போயிருந்தால், அதே வயதுள்ள மற்றவையும் வரிசையில் நிற்கின்றன என்று அர்த்தம். பட்ஜெட் இடம்கொடுத்தால் அந்த லைன் முழுவதையும் சி.பி.வி.சி.க்கு மாற்றிவிடலாம். புது பைப் போட்டதும், பூசுவதற்கு முன், பக்கத்தில் இன்ச் டேப்பை வைத்து மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஆணி அடிக்கும்போதும் அது உதவும்.