ஒன்பது வகை மனிதர்கள்: என்னியாகிராம் சொல்வது என்ன?

தோட்டத்துக் கோயில் திருவிழா அன்னதானத்திற்கு நான்கு பேர் விடியற்காலையிலேயே வந்து காய்கறி நறுக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலை ஒன்றுதான். ஆனால், ஒருவர் எல்லாம் முறைப்படி நடக்க வேண்டுமே என்று வந்தவர். இன்னொருவருக்கு, ‘அவர் இல்லாமல் ஆகாது’ என்று நாலு பேர் சொல்ல வேண்டும். மூன்றாமவர் மேடையில் பொன்னாடையை எதிர்பார்ப்பவர். நான்காமவர் மறுத்துப் பேச மனமில்லாமல் வந்துவிட்டவர்.

என்னியாகிராம் கவனிப்பது இந்த உள்நோக்கத்தைத்தான். ‘என்னியா’ என்றால் கிரேக்க மொழியில் ஒன்பது. மனித குணங்களை ஒன்பதாகப் பிரிக்கும் இம்முறையைப் பொலிவியாவில் பிறந்த ஒஸ்கார் இச்சாசோவும் சிலி நாட்டு மனநல மருத்துவர் கிளாடியோ நரஞ்சோவும் வளர்த்தெடுத்தனர். மேலே கண்ட நால்வரும் முறையே 1, 2, 3, 9ஆம் வகையினர்.

நம் வீடுகளில் 2ஆம் வகையினரை எளிதில் அடையாளம் காணலாம். ஊருக்கெல்லாம் ஓடி ஓடிச் செய்யும் அக்கா, தமக்கு என்ன வேண்டும் என்று வாய் திறந்து கேட்பதில்லை. பிறரும் கேட்காதபோது மனத்தாங்கல்தான் சேர்கிறது. (வழக்கத்திற்காக அப்படி உழைப்பவர்களும் உண்டு, எல்லாரையும் இதில் சேர்த்துவிட முடியாது.) இவர்களுக்கான பயிற்சி சிறியது: உதவப் போகும் முன், ‘இவர் என்னிடம் கேட்டாரா?’ என்று ஒரு கணம் யோசிப்பது. தமக்கு வேண்டியதை வெளிப்படையாகக் கேட்டுப் பழகுவது.

இம்முறைக்கு அறிவியல் ஆதாரம் குறைவு. இந்த எண்ணை வைத்து வேலைக்கு ஆள் எடுப்பதும், ஜாதகம்போல் மாப்பிள்ளை பார்ப்பதும் வீண் வேலை. இணையத்தில் கிடைக்கும் வினாத்தாளைவிட, ஒன்பது விளக்கங்களையும் நிதானமாகப் படிப்பதே பயன் தரும். எதைப் படிக்கும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறதோ, அங்கிருந்து தொடங்கலாம்.