மருதாணியும் தேர்வு எழுதட்டும்!

கண்ணுக்குத் தெரியாத எதிரி! நுண்ணோக்கியின் கீழே கொண்டுவந்து நிறுத்தினாலும், தண்ணீரைப்போல் நிறமற்று நிற்கிறான். அவனை எப்படி அடையாளம் காண்பது? சாயம் ஏற்று என்றது விஞ்ஞானம்.

1884-ஆம் ஆண்டு பெர்லின் நகரிலே, நிமோனியாவால் மாண்டோரின் நுரையீரலைச் சோதித்துக்கொண்டிருந்தார் டென்மார்க் நாட்டு மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம். ஊதாச் சாயம் ஏற்றினார், அயோடின் ஊற்றினார், ஆல்கஹாலில் அலசினார். தடித்த சுவர்கொண்ட கிருமிகள் ஊதாவை விடாமல் பற்றிக்கொண்டன. மெல்லிய சுவர்கொண்டவை கைவிட்டன. கைவிட்டவற்றுக்குச் சிவப்பு ஏற்றுவது பின்னர் வந்த வழக்கம்.

அந்தச் சாயங்கள் பூந்தோட்டத்தில் பிறந்தவையா? இல்லை, நிலக்கரித் தாரிலே! 1856-இல் லண்டனில் பெர்கின் என்ற 18 வயது இளைஞர், கொய்னா செய்யப் புகுந்து ஊதாச் சாயத்தைக் கண்டாரே, அவர் திறந்த வழியில் வந்தவை. சிவப்புக்கு சாஃப்ரனின் என்று பெயர். பெயரிலே குங்குமப்பூ மணக்கிறது. புட்டியிலே ஓர் இதழும் கிடையாது!

ஊதாச் சாயத்தால் புற்றுநோய் வரக்கூடும் என்று 2019-இல் கனடா அரசின் சுகாதாரத் துறை எச்சரித்தது. அப்படியானால் மருதாணி ஆகாதா, செம்பருத்தி ஆகாதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆகும் என்று இப்போதே கைதட்டவும் வேண்டாம். ஆகாது என்று கைகொட்டிச் சிரிக்கவும் வேண்டாம்.

செடிச் சாயம் இத்துறைக்குப் புதிதல்ல. மத்திய அமெரிக்க மரமொன்றின் வைரத்திலிருந்து வரும் ஹீமடாக்சிலின்தான், உலகெங்கும் புற்றுநோய்த் திசுவைப் பார்க்க இன்றும் உதவுகிறது. ஆனால் அதற்குப் படிகாரம் போன்ற துணை வேண்டும். சாயப்பட்டறைத் தோழருக்கு இதை நான் சொல்லவேண்டுமா? படிகாரமின்றி மஞ்சிட்டிச் சிவப்பு துணியிலே நிற்குமா?

சிக்கல் இங்கேதான். கிருமியின் மேனியில் எதிர்மின்னூட்டம். நேர்மின்னூட்டச் சாயமே பாய்ந்து ஒட்டும். செடிச் சாயங்களில் பெரும்பாலானவை அந்த ரகமல்ல. மரமஞ்சளிலுள்ள பெர்பெரின் அந்த ரகம். ஆனால் அதன் வெளிர் மஞ்சள் சாதாரண ஒளியில் எடுபடாது. செம்பருத்தியோ புளிப்பில் சிவக்கும். காரம் பட்டால் நீலமாகும், பச்சையாகும். காலையில் ஒரு கட்சி, மாலையில் ஒரு கட்சி என்றிருப்பவரைப்போல!

ஆகவே சோதனை வேண்டும். ஊதா என்று தெரிந்த ஸ்டாஃபிலோகாக்கஸ், சிவப்பு என்று தெரிந்த ஈ.கோலை, இரண்டையும் கண்ணாடிச் சில்லுகளில் பரப்புங்கள். பாதிக்குப் பழைய சாயம், பாதிக்குச் செடிச் சாயம். எது எதுவென்று பார்ப்பவரிடம் சொல்லாதீர்கள். ஒரு மாதம் கழித்தும் பாருங்கள், நிறம் நிற்கிறதா என்று. சாற்றையே தனியாகவும் பாருங்கள். பூச்சாறு கெட்டால் அதிலேயே கிருமி வளரும். நோயாளியின் கிருமி என்று நினைத்துச் சாற்றின் கிருமியை எண்ணிக்கொண்டிருப்போம்!

ஏன் இத்தனை கண்டிப்பு? மூளைக்காய்ச்சலில் துடிக்கிறது ஒரு நெசவாளியின் குழந்தை. முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீர் சில்லின்மேல் காய்கிறது. ஊதாவா, சிவப்பா? அந்த விடைக்காக மருத்துவர் காத்திருக்கிறார். அங்கே மங்கலான சாயத்துக்கு மன்னிப்புக் கிடையாது.

பள்ளிக்கூடத்தின் கதை வேறு. மோர்த்துளியில் உள்ள கிருமியை ஒரு மாணவன் காண, தோட்டத்துப் பூவைப் பிழிந்து பார்க்கட்டும். தெரியாவிட்டால் படிகாரம் சேர்த்துப் பார்க்கட்டும். புளிப்பைக் கூட்டிக் குறைத்துக் குறித்துவைக்கட்டும். மருதாணி முதலில் அந்த வகுப்பில் தேறட்டும்.