உப்பளத்திலிருந்து ஒரு பல்லூடகப் பாடம்

எழுத்து, படம், ஒலி, காணொளி, அசைவூட்டம் ஆகியவற்றை ஒரு பாடத்துக்காக இணைத்து மாணவர்கள் தாமே ஆக்குவது பல்லூடகச் செயற்றிட்டம். எந்தச் செய்தியை எந்த ஊடகத்தால் சொல்வது என்று அவர்கள் யோசிக்கும் இடத்தில்தான் உண்மையான படிப்பு நடக்கிறது. உப்பளங்கள் உள்ள இலங்கையின் புத்தளம் கரையோரப் பாடசாலைகளுக்கு இதற்கு உப்பை விட வாய்ப்பான பொருள் வேறில்லை.

கடல்நீரில் சுமார் 3.5 சதவீதம் உப்புக்கள் கரைந்துள்ளன. நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வற்றவிடும்போது முதலில் கல்சியம் காபனேற்றும், அடுத்து ஜிப்சமும் படிகின்றன. நீர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய பின்னரே கறியுப்பு பளிங்காகத் தொடங்கும். எஞ்சும் நீரை உரிய வேளையில் வெளியேற்றாவிட்டால் மக்னீசியம் உப்புக்களும் சேர்ந்து உப்பு கசக்கும்.

முதலில் இந்தக் கட்டங்களைத் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து கதைப்பலகை தயாரிக்க வேண்டும். எதைப் படம்பிடிப்பது என்று தெரியாமல் கைபேசியோடு போனால் அழகிய காட்சிகள் கிடைக்கும், பாடம் கிடைக்காது. நீர் வற்றுவது நாட்கணக்கில் நடப்பது. ஒரே இடத்தில் நின்று தினமும் எடுத்த படங்களை வரிசையாக ஓட்டினால் அது சில விநாடிகளில் புரிந்துவிடும். எந்த உப்பு எப்போது படிகிறது என்பது கமராவுக்கு அகப்படாது. அதற்கு ஸ்க்ராட்ச் போன்ற இலவச மென்பொருளில் மாணவர் செய்யும் அசைவூட்டம் வேண்டும். உப்பு வாரும் பக்குவத்தையோ தொழிலாளியின் குரலிலேயே கேட்க வேண்டும். அவருடைய சம்மதத்தை முன்னதாகப் பெறுவதும் செயற்றிட்டத்தின் பகுதியே. களப்புக் காற்று பேச்சை விழுங்கிவிடும் என்பதால் ஒலிப்பதிவுக்குக் கொட்டகையின் உட்புறம் நல்லது.

தொகுக்கும்போது பலரும் தவறுவது ஓரிடத்தில். குரல் சொல்லும் வசனங்களையே திரையிலும் எழுதி, பின்னணி இசையும் சேர்த்துவிடுகிறார்கள். இவை பெரும்பாலும் கவனத்தைச் சிதறடித்துக் கற்றலைக் குறைக்கின்றன என்பதை அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் காட்டின. தமிழ், சிங்கள மொழிமூலப் பாடசாலைகள் இரண்டும் உள்ள புத்தளத்தில் எழுத்தில்லாத திரைக்கு இன்னொரு பயனும் உண்டு: குரலை மட்டும் மாற்றினால் அதே ஆக்கம் மற்றைய மொழி மாணவருக்கும் பாடமாகும். செவிப்புலன் குறைந்த மாணவருக்கான எழுத்துரையை, வேண்டும்போது மட்டும் தோன்றும் தனிக் கோப்பாக இணைக்கலாம்.

புள்ளியிடும் ஆசிரியர் பளபளப்பைப் பார்க்காமல், ஜிப்சம் படிந்த பிறகுதான் கறியுப்பு வருகிறது என்பதை ஆக்கம் தெளிவாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.