மனு செல்லும் வழி: தமிழகத்தில் கனிமக் கொள்ளையை எதிர்ப்போர்க்கு நேரும் மிரட்டல்

ஆய்வுச்சுருக்கம்

தமிழகத்தில் சட்டவிரோதக் கல்குவாரி, ஆற்றுமணல் அள்ளுதல் ஆகியவற்றை எதிர்த்துப் புகார் அளித்தோர் கொல்லப்பட்ட நிகழ்வுகள் அண்மை ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் பதிவாகியுள்ளன. புகார் அளிப்பவரின் அடையாளம் எதிர்த்தரப்பைச் சென்றடைவதற்கு நிர்வாக நடைமுறையே வழியாக அமைவதை, 2022 முதல் 2025 வரையிலான மூன்று நிகழ்வுகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கல்குவாரி, ஆற்றுமணல், புகார் மனு, வட்டாட்சியர், சாட்சிப் பாதுகாப்பு.

முன்னுரை

2025 சனவரி 17 அன்று புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் அருகே, பள்ளிவாசலில் தொழுகை முடித்து இருசக்கர வாகனத்தில் திரும்பிக்கொண்டிருந்த ஜகபர் அலி லாரி மோதி இறந்தார். அ.தி.மு.க.வைச் சேர்ந்த முன்னாள் ஒன்றியக் கவுன்சிலரான அவர், அப்பகுதிக் கல்குவாரிகள் அனுமதிக்கு மேல் கல் வெட்டுவதாக வருவாய்த் துறையினரிடமும் கனிமவளத் துறையினரிடமும் தொடர்ந்து மனு அளித்தவர். முதலில் விபத்தாகப் பதிவான இவ்வழக்கு, அவர் மனைவியின் புகாருக்குப் பின் கொலை வழக்காக மாறியது. குவாரித் தொழிலில் உள்ளோர் கைது செய்யப்பட்டனர். விசாரணை பின்னர் சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றப்பட்டது.

இத்தகைய செய்திகளில் 'மாஃபியா' என்னும் சொல் தவறாது இடம்பெறுகிறது. ஆனால் அச்சொல் எங்கோ மறைந்திருக்கும் ஒரு கும்பலைக் குறிப்பதுபோல் ஒலிக்கிறது. இங்கு ஆராயப்படும் நிகழ்வுகளில் குற்றஞ்சாட்டப்பட்டோர் அயலார் அல்லர். புகார் கொடுத்தவரை முகம் பார்த்து அறிந்தவர்கள். அவர்தாம் புகார் கொடுத்தார் என்பதை அவர்கள் எவ்வாறு அறிந்தனர் என்பதே கேட்கப்பட வேண்டிய வினா.

மனு கீழிறங்கும் முறை

மாவட்ட ஆட்சியரகத்தில் திங்கட்கிழமைதோறும் நடைபெறும் குறைதீர் நாளில் ஒருவர் குவாரி குறித்து மனு அளித்தால், அம்மனு எண்ணிடப்பட்டு உரிய துறைக்கு அனுப்பப்படும். கனிமவளத் துறையின் மாவட்ட அலுவலகம், கோட்டாட்சியர், வட்டாட்சியர் என்று இறங்கி, இறுதியில் வருவாய் ஆய்வாளரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் அறிக்கை கேட்கப்படும். மனுதாரரின் பெயர், ஊர், கைப்பேசி எண் ஆகியன ஒவ்வொரு படியிலும் மனுவோடு செல்கின்றன. மேலே கொடுக்கப்பட்ட மனு, மனுதாரர் எந்த அலுவலகத்தை நம்பாமல் மேலே சென்றாரோ அதே அலுவலகத்திற்குத் திரும்பி வருகிறது. முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு இணையவழி அனுப்பினாலும் இதுவே வழி.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இதில் ஓரளவு கவனம் காட்டியது. விண்ணப்பத்திற்குக் காரணம் கேட்கக் கூடாது என்றும், தொடர்பு கொள்ளத் தேவையானவை தவிர வேறு தனிவிவரம் கேட்கக் கூடாது என்றும் அதன் 6(2)ஆம் பிரிவு கூறுகிறது. முகவரிக்கு மாற்றாக அஞ்சல் பெட்டி எண் போதும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013இல் கூறியது. நகரத்தில் இது பயன்படலாம். சிற்றூரில் ஒரு குறிப்பிட்ட புல எண்ணுக்குரிய குத்தகை ஆணையைக் கேட்பவர் யார் என்பதை ஊகிக்க முகவரி தேவையில்லை. சுற்றுச்சூழல் அனுமதிக்கான பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டமும் இத்தகையதே: அங்கு எழுந்து பேசுவது கூட்டக் குறிப்பிலும் ஒளிப்பதிவிலும் இடம்பெறும், திட்டத்தை முன்மொழிந்தவர் எதிரே அமர்ந்திருப்பார்.

குடிமகன் அலுவலரைத் தவிர்த்து நேரே நீதிமன்றம் செல்லவும் இயலாது. கனிமங்கள் (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டம், 1957இன் 22ஆம் பிரிவுப்படி, அதிகாரம் அளிக்கப்பட்டவரின் எழுத்துவழிப் புகாரின்றி நீதிமன்றம் அச்சட்டக் குற்றத்தை விசாரணைக்கு ஏற்காது. அரசு நிலத்து மணலை அள்ளுவது திருட்டுக் குற்றமும் ஆகும் என்பதால் காவல்துறை தனியே வழக்குப் பதியலாம் என உச்ச நீதிமன்றம் 2014இல் தெளிவுபடுத்தியது. எனினும் அந்த வழியும் உள்ளூர்க் காவல் நிலையத்தில்தான் தொடங்குகிறது.

விபத்து என்னும் பதிவு

கரூர் மாவட்டத்தில் விவசாயி ஜெகநாதன், உரிமக் காலம் முடிந்த பின்னும் இயங்கிய ஒரு குவாரி மீது புகார் அளித்துவந்தார். 2019இலேயே தாக்குதலுக்கு உள்ளானவர் அவர். 2022 செப்டம்பரில் அதிகாரிகள் அக்குவாரியை மூடினர். அடுத்த நாள், செப்டம்பர் 10 அன்று, குவாரியின் வாகனம் மோதி அவர் இறந்தார். இதுவும் விபத்தாகத் தொடங்கிக் கொலை வழக்கானதே. நடவடிக்கை இல்லாதபோது மட்டுமே மனுதாரருக்கு ஆபத்து என்று கருதுவது இயல்பு. நடவடிக்கை எடுக்கப்பட்ட மறுநாளும் அவர் தனியாகவே சாலையில் செல்ல வேண்டியிருந்தது என்பதைக் கரூர் நிகழ்வு காட்டுகிறது.

இரு நிகழ்வுகளிலும் வாகனமே கருவி. அரிவாளுடன் ஒருவர் சாலையோரம் நின்றால் கேள்வி எழும். குவாரிச் சாலையில் லாரி ஓடுவதை எவரும் கேட்பதில்லை. சட்டத்திலும் இதற்கு வேறுபாடு உண்டு. கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304அ பிரிவில் உச்சத் தண்டனை 2 ஆண்டுகள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1)ஆம் பிரிவில் பொதுவாக 5 ஆண்டுகள். கொலைக்கு ஆயுள் அல்லது மரணம். முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவு எழுதப்படுகிறது என்பது, சம்பவ இடம் எவ்வளவு கவனமாகக் காக்கப்படும், யாருடைய கைப்பேசி அழைப்புகள் ஆராயப்படும் என்பவற்றையும் முடிவு செய்கிறது. இரு வழக்குகளிலும் அந்தப் பிரிவு பின்னரே மாறியது.

மூன்றாம் நிகழ்வில் இறந்தவர் மனு சென்றடையும் கடைசிப் படியில் இருந்த அலுவலரே. தூத்துக்குடி மாவட்டம் தாமிரபரணிக் கரையிலுள்ள முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலராக இருந்த லூர்து பிரான்சிஸ், மணல் கடத்தல் குறித்து 2023 ஏப்ரலில் காவல் நிலையத்தில் புகார் அளித்தார். ஏப்ரல் 25 அன்று தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் இருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அரசு ஊழியர், அரசு அலுவலகம், பட்டப்பகல் என்பதால் இங்கு விபத்து என்னும் பேச்சுக்கே இடமில்லை; தீர்ப்பும் ஐந்து மாதங்களுக்குள் வந்தது. முதல் தகவல் அறிக்கை சரியாகத் தொடங்கினால் வழக்கு எவ்வளவு விரைந்து செல்லக்கூடும் என்பதற்கு இது சான்று.

நகரமும் குவாரியும்

இம்மிரட்டலின் பொருளியல் அடிப்படை நகரத்தில் உள்ளது. 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட கொட்டிவாக்கம் போன்ற கடலோரச் சிற்றூர்களில் இன்று அடுக்குமாடிகள் நிறைந்துள்ளன. அவற்றுக்கான ஜல்லியும் எம்-சாண்டும் தொலைவிலுள்ள குவாரிகளிலிருந்து வருகின்றன. வாங்குவோர் விலையைக் கேட்பர். நடைச்சீட்டைக் கேட்போர் அரிது. சென்னையில் இருந்து எழுதுவோர்க்கு மிரட்டல் வேறு வடிவில் வருகிறது. தாதுமணல் குறித்து 2017இல் 'தி வயர்' இணைய இதழில் தொடர் கட்டுரை எழுதிய பத்திரிகையாளர் சந்தியா ரவிசங்கர் தொலைபேசி மிரட்டலுக்கும் இணைய வசைக்கும் உள்ளானார். குளோபல் விட்னஸ் அமைப்பின் கணக்குப்படி 2023இல் உலகெங்கும் கொல்லப்பட்ட 196 நிலம், சூழல் காப்பாளர்களுள் 25 பேரின் மரணம் சுரங்கத் தொழிலோடு தொடர்புடையது. தொழில்களுள் இதுவே மிகுதி.

பாதுகாப்புச் சட்டங்களின் எல்லை

ஊழலை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் 2014 மே மாதம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது; நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. அடையாளமின்றி வரும் புகாரை ஏற்க மறுக்கும் அச்சட்டம், மாற்றாக அடையாளத்தை மறைவாகக் காக்கும் கடமையை விதித்தது. அடையாளம் கேட்கும் வழக்கம் அலுவலகங்களில் உள்ளது. காக்கும் கடமை ஏட்டில் நின்றுவிட்டது.

மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பர் 5 அன்று ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் நடைமுறையில் உள்ளது. அது முதன்மையாக மரணம், ஆயுள், அல்லது 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டிக்கத்தக்க குற்றங்களின் சாட்சிகளுக்கு உரியது. சட்டவிரோதமாகக் கனிமம் எடுத்தலுக்கு 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் உச்சத் தண்டனை 5 ஆண்டுகள். ஆகவே குவாரி குறித்துப் புகார் அளித்தவர், அப்புகாரைக் கொண்டு மட்டும் இத்திட்டத்தின்கீழ் சாட்சியாகார். கொலை மிரட்டல் வந்து, காவல் நிலையம் அதைத் தனி வழக்காகப் பதிந்தால் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தை மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு முடிவு செய்யும். அதற்கு அடிப்படையான அச்சுறுத்தல் மதிப்பீட்டு அறிக்கையை அந்த உட்கோட்டத்தின் காவல் துணைக் கண்காணிப்பாளரே தருவார். அவர் கொல்லப்பட்டுவிட்டால், கொலை வழக்கில் சாட்சி சொல்லும் அவர் மனைவிக்கு இத்திட்டம் எந்த ஐயமுமின்றிப் பொருந்தும்.