புகையிலும் பிரேக்கிலும் போகிற பெட்ரோல்

பனமரத்துப்பட்டியிலிருந்து மல்லூர் வந்து நாமக்கல் ரோட்டோரம் நின்றால், லோடு லாரி கியர் மாற்றி இழுக்கும்போது இன்ஜின் இரைச்சலுக்கு மேலாக ஒரு விசில் கேட்கும். அதுதான் டர்போ. ஃபார்முலா ஒன் காரில் இருப்பதும் அடிப்படையில் இதே சாமான்தான்.

நாம் போடும் எரிபொருளில் பாதிக்கு மேல் சக்கரத்துக்குப் போவதே இல்லை. சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெறும் சூடாகப் போய்விடுகிறது. அதில் புகையோடு போவதைக் கொஞ்சமாவது பிடித்து வேலை வாங்கலாம் என்று சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-லேயே காப்புரிமை எடுத்துவிட்டார். டர்போவைக் கழற்றினால் ஒரே தண்டு, இரு முனையிலும் ஒவ்வொரு சக்கரம். ஒன்றைப் புகை சுழற்றும். மற்றது வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். காற்று கூடினால் எரிபொருளையும் கூட எரிக்கலாம், சின்ன இன்ஜினே பெரிய இழுவை தரும். பட்டறையில் மெக்கானிக் அந்தச் சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டு, தண்டை அசைத்துப் பார்ப்பார். ஆட்டம் அதிகமிருந்தால் ஆயில் தள்ளும், நீலப்புகை வரும்.

ரெனோ நிறுவனம் 1977-ல் சில்வர்ஸ்டோனில் முதல் டர்போ ஃபார்முலா ஒன் காரை இறக்கியது. அதில் ஒரு தொல்லை: ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பிக்கப் வராது. புகை பெருகி, தண்டு வேகமெடுக்கும் வரை ஓட்டுநர் காத்திருக்க வேண்டும். வளைவிலிருந்து வெளியேறும்போது இந்தத் தாமதம் உயிரை வாங்கும். பிறகு சக்தி கட்டுமீறிப் போகவே, 1989 முதல் டர்போவுக்குத் தடை.

2014-ல் 1.6 லிட்டர் வி6 இன்ஜினோடு டர்போ திரும்பியது. இந்தமுறை அந்தத் தண்டிலேயே ஒரு மின்மோட்டாரைக் கோத்துவிட்டார்கள். ஆக்சிலரேட்டரை விட்டாலும் மோட்டார் தண்டைத் தூங்கவிடாது, தாமதம் போயிற்று. புகை மிஞ்சும்போது அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரம் தரும். பந்தய இன்ஜின்களில் இதைவிடப் புத்திசாலித்தனமான உறுப்பு வந்ததில்லை என்பது என் கட்சி. எரிபொருளின் சக்தியில் பாதிக்கு மேல் உருப்படியான வேலையாக மாற்றிவிட்டதாக மெர்சிடிஸ் 2017-ல் அறிவித்தது.

அடுத்தது பிரேக். எண்ணூறு கிலோ கார் 300 கி.மீ. வேகத்தில் போகும்போது அந்த ஓட்டத்தில் இருக்கும் சக்தியைக் கணக்குப் போட்டால் முக்கால் யூனிட் மின்சாரம் வரும். வளைவுக்கு முன்னால் பிரேக் போட்டதும் ஓரிரு நொடியில் அதில் பெரும்பகுதி சூடாகிவிடுகிறது. முப்பது டன் லாரி வெறும் 60 கி.மீ. வேகத்திலிருந்து நின்றாலே ஒரு யூனிட்டுக்கு மேல் போகிறது! தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரிக்கு பிரேக் ஏன் காய்கிறது என்பது இதில் புரியும்.

இந்தச் சக்தியைப் பிடித்து பேட்டரியில் ஏற்றும் கெர்ஸ் என்ற கருவி 2009-ல் ஃபார்முலா ஒன்னுக்கு வந்தது. ஒரு சுற்றுக்கு ஏழு நொடிக்குச் சற்றுக் குறைவாக, சுமார் 80 குதிரைத்திறன் கூடுதலாகக் கிடைக்கும். நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2011, 2012-ல் ஓட்டிய எச்ஆர்டி காரில் அது கிடையாது. பெரிய அணிக்காரர் பட்டனை அழுத்திவிட்டுப் போவார், இவர் வெறும் இன்ஜினை நம்பி ஓட்டினார். 2011-ல் நொய்டா பக்கத்து புத் சர்க்யூட்டில் நடந்த முதல் இந்தியன் கிராண்ட் பிரியில் 17-ஆவதாக முடித்ததை அந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அந்தப் போட்டி 2013-ஓடு நின்றுவிட்டதால், டர்போ திரும்பிய பிறகு ஃபார்முலா ஒன் பந்தயம் எதுவும் இந்தியாவில் நடக்கவில்லை.

2026 விதிகளில் டர்போ தண்டிலிருந்த மோட்டாரை எடுத்துவிட்டார்கள். செலவு அதிகம், சாலை வண்டிகளுக்கும் பெரிதாகப் பயன்படவில்லை என்பது காரணம். எனக்கு வருத்தம்தான், ஆனால் நியாயத்தை மறுக்க முடியவில்லை. பதிலுக்கு, பிரேக் சக்தியைப் பிடிக்கும் மோட்டாரை 120 கிலோவாட்டிலிருந்து 350 கிலோவாட்டாக உயர்த்தியிருக்கிறார்கள். சாலைக்கு வந்து நிலைத்தது இந்த வித்தைதான். ஓசூரில் தயாராகும் ஏத்தர் மின்சார ஸ்கூட்டரிலும், வேகம் குறையும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி பேட்டரிக்குக் கொஞ்சம் சார்ஜ் ஏற்றுகிறது.